பள்ளி முதல்வர் சந்திக்க மறுக்கிறார்: நாற்பது பெற்றோர் என்ன செய்வது?

கேள்வி: காட்பாடி வாசகர், 12 ஜூன் 2025

எங்கள் பிள்ளைகள் காட்பாடி பக்கம் ஒரு தனியார் மெட்ரிகுலேஷன் பள்ளியில் பத்தாம் வகுப்பு படிக்கிறார்கள். பள்ளி திறந்த முதல் வாரத்திலிருந்தே சிறப்பு வகுப்பு என்று மாலை ஆறரை வரை நிறுத்திக்கொள்கிறார்கள். பள்ளிப் பேருந்தோ நாலரைக்கே கிளம்பிவிடுகிறது. லத்தேரி, சேர்க்காடு, திருவலம் பக்கத்துப் பிள்ளைகள் டவுன் பஸ் பிடித்து வீடு சேர எட்டு மணி ஆகிறது. நாற்பது பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்திருக்கிறோம். மூன்று முறை நேரில் போனோம். "குழுவாக வந்தால் பார்க்க மாட்டேன், தனித்தனியாக வாருங்கள்" என்கிறார் முதல்வர். அந்த அம்மாளை மாற்றினால்தான் விடிவு. வரும் திங்கட்கிழமை சாத்துவாச்சாரிக்குப் போய் ஆட்சியரிடம் மனு கொடுப்பதாக முடிவு. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

12 ஜூன், இரவு

போகாதீர்கள். இந்தத் திங்கட்கிழமை போகாதீர்கள் என்றுதான் சொல்கிறேன், ஒருநாளும் போகாதீர்கள் என்று சொல்லவில்லை.

குறைதீர்வு நாளில் நீங்கள் கொடுக்கும் மனு என்ன ஆகும்? அதற்கு ஓர் எண் விழும். முதன்மைக் கல்வி அலுவலகத்துக்குப் போகும். தனியார் பள்ளிகளுக்கென்றே 2022 முதல் ஒரு மாவட்டக் கல்வி அலுவலர் இருக்கிறார், அவர் மேசைக்கு இறங்கும். அவர் பள்ளியிடம் விளக்கம் கேட்பார். பள்ளி எழுதும் பதிலை நானே இப்போது எழுதித் தருகிறேன்: "இது தொடர்பாக எங்களுக்கு எழுத்துப்பூர்வமாக எந்தப் புகாரும் வரவில்லை." அது பொய்யாகவும் இருக்காது. மூன்று முறை போனீர்களே, ஒரு முறையாவது காகிதம் கொடுத்தீர்களா?

இன்னொன்று. முதல்வரை மாற்றினால் விடிவு என்கிறீர்கள். பேருந்துக்கு டீசல் போடுவது முதல்வரா? ஓட்டுநருக்கு இரண்டு மணி நேர மிகைச் சம்பளம் கொடுப்பது முதல்வரா? தாளாளர். முதல்வரும் உங்களையும் என்னையும் போல மாதச் சம்பளக்காரர்தான். அறை வாசலில் பித்தளைப் பலகை பளபளப்பதைப் பார்த்து ஏமாந்துவிட்டீர்கள்.

13 ஜூன், காலை

"ஏன் இவ்வளவு கடுகடுப்பு?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நான் அடிபட்டவன், அதனால்தான். சொல்கிறேன்.

2017. முந்தைய ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்து, ஜனவரியிலேயே மாநிலம் முழுவதும் வறட்சி என்று அரசு அறிவித்திருந்தது. பாலாறு என்றைக்கும் மணல்தான். அந்த ஆண்டு ஊற்றுத் தோண்டினாலும் ஈரம் கசியவில்லை. என் மகள் அப்போது ஆறாம் வகுப்பு, வேலூரில் ஒரு தனியார் பள்ளி. ஜூலையில் ஒரு மாலை அவளுடைய பையை வாங்கி ஆணியில் மாட்டப்போன என் மனைவி, "இது ஏன் இப்படிக் கனக்கிறது?" என்றாள். காலையில் கழுத்துவரை நிரப்பிக் கொடுத்த ஒரு லிட்டர் பாட்டில் கழுத்துவரை அப்படியே இருந்தது. மறுநாளும் அதே கதை. மூன்றாம் நாள் மனைவி பாட்டிலின் வெளிப்பக்கம், தண்ணீர் மட்டத்துக்கு நேராகப் பேனாவால் ஒரு கோடு போட்டு அனுப்பினாள். மாலையில் பார்த்தால் கோட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு விரற்கடை இடைவெளி கூட இல்லை. வேலூர் வெயிலில், தகரக் கூரை போட்ட மாடி வகுப்பில், காலை எட்டரையிலிருந்து மாலை நாலரை வரை ஒரு குழந்தை ஒரு மிடறு குடித்திருக்கிறது.

கேட்டதற்கு அவள் சாதாரணமாகச் சொன்னாள்: "குடித்தால் போக வேண்டியிருக்கும் அம்மா. பூட்டியிருப்பார்கள்."

பெண் பிள்ளைகளின் கழிவறை இடைவேளைக்கு மட்டும்தான் திறக்கிறது. பத்து நிமிட இடைவேளை, நூறு பிள்ளைகள், நான்கு கதவுகள். கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

இருபத்து மூன்று பெற்றோர் திரண்டோம். முன்னறிவிப்பு இல்லை, கடிதம் இல்லை, காலை ஒன்பதே காலுக்கு முதல்வர் அறைக்குள் நுழைந்தோம். நான்தான் முன்னால். அவர் உட்காரச் சொல்லவில்லை, ஏனென்றால் இருந்ததே நான்கு நாற்காலி. அதையும் அவமரியாதைக் கணக்கில் எழுதிக்கொண்டேன். அவர் ஏதோ தண்ணீர் லாரி என்று தொடங்கினார். நான் குறுக்கே புகுந்து, "நீங்கள் கழிவறைக்கே போவதில்லையா மேடம்?" என்றேன். எனக்குப் பின்னால் சிரிப்புச் சத்தம். அந்த அம்மாளின் முகம் ஒரு கணத்தில் இறுகியது. "வெளியே போங்கள்" என்றார். அவ்வளவுதான் பேச்சுவார்த்தை.

அன்று இரவு வாட்ஸ்அப் குழுவில் நான் கதாநாயகன். கைதட்டும் படங்கள் மட்டும் முப்பதுக்கு மேல். அந்த ஒரு வாக்கியத்துக்காக இன்னும் மூன்று வாரம் பூட்டுத் தொங்கியது.

13 ஜூன், மதியம்

மனைவி படித்துவிட்டுத் திருத்தச் சொன்னாள். மகள் அப்போது ஏழாம் வகுப்பாம். பேனா இல்லையாம், அவளுடைய கண்மைப் பென்சிலாம். நான் ஊரில் இருந்ததே பாதி நாள்தான் என்பதையும் சேர்த்து எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

16 ஜூன்

ஆற்காட்டிலிருந்து ஒருவர்: "சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறதே, அதைக் கூட்டச் சொன்னால் முதல்வர் வந்துதானே ஆக வேண்டும்?"

காட்பாடிக்காரருக்கு அது உதவாது. கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 21ஆம் பிரிவு அந்தக் குழுவை அரசுப் பள்ளிக்கும் உதவி பெறும் பள்ளிக்கும்தான் கட்டாயமாக்குகிறது. அரசு உதவி பெறாத தனியார் பள்ளிக்கு இல்லை. உதவி பெறும் பள்ளியிலும், 2012 திருத்தத்துக்குப் பிறகு, ஆலோசனை சொல்வதோடு சரி. நம் ஊரில் பழைய உதவி பெறும் பள்ளிகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள், அங்கெல்லாம் இதுதான் நிலை.

ஆனால் உங்கள் பிள்ளை படிப்பது அரசுப் பள்ளி என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் காட்பாடிக்காரர் கையில் இல்லாத ஆயுதம் உங்கள் கையில் இருக்கிறது. குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். தலைவர் பெற்றோரில் ஒருவர், தலைமையாசிரியர் அல்ல. 2024இல் மறுகட்டமைப்புச் செய்தபோது உறுப்பினர் எண்ணிக்கை 24 ஆனது, முன்னாள் மாணவர்களும் உள்ளே வந்தார்கள். கூட்டத்தில் தீர்மானம் எழுதிப் பதிவேட்டில் ஏற்றினால் அதை மேலிடம் பார்க்கிறது. கூட்டத்துக்குப் போகாமல், கையெழுத்தை மட்டும் வீட்டு வாசலில் நின்று போட்டுவிட்டு, பிறகு "எங்களை யார் மதிக்கிறார்கள்?" என்று புலம்புகிறோம்.

பின்குறிப்பு: நீங்கள் திங்கட்கிழமை சாத்துவாச்சாரிக்கு வருவதாக எழுதியிருந்தீர்கள். ஆற்காடு 2019 நவம்பரிலிருந்து ராணிப்பேட்டை மாவட்டம் ஐயா. உங்கள் ஆட்சியர் ராணிப்பேட்டையில் இருக்கிறார். குற்றம் சொல்லவில்லை; என் மாமனார் இன்றைக்கும் வட ஆற்காடு மாவட்டம் என்று முகவரி எழுதித்தான் மணியார்டர் அனுப்புகிறார். அந்தப் பெயர் போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. மணியார்டர் என்னவோ போய்ச் சேர்ந்துவிடுகிறது.

17 ஜூன்

வாட்ஸ்அப் குழு பற்றி ஒரு வார்த்தை. ஒரு வார்த்தையில் முடியாது, பார்ப்போம்.

எங்கள் குழுவில் 61 பேர் இருந்தார்கள். அதில் ஒருவர் அதே பள்ளியின் கணக்கு ஆசிரியையின் கணவர். இன்னொருவர் தாளாளரின் தம்பிக்குச் சம்பந்தி வகை. இது எனக்குத் தெரியவே ஒரு மாதம் ஆனது. அதற்குள் யாரோ முதல்வரின் படத்தில் கையில் பூட்டைக் கொடுத்து, தலையில் கொம்பு வைத்து ஒரு கேலிச் சித்திரம் போட்டார்கள். பத்தே நிமிடத்தில் அது அவருடைய கைப்பேசிக்குப் போய்விட்டது. அடுத்த நாள் காவல் நிலையத்தில் புகார் கொடுப்பதாகப் பள்ளியிலிருந்து சேதி. தண்ணீர் பாட்டிலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நாங்கள் அந்த வாரம் முழுவதும் கொம்பைப் பற்றிப் பேசினோம். படம் போட்டவர் அன்றிரவே குழுவை விட்டு வெளியேறினார், இரவு வணக்கம் ஒன்றை அனுப்பிவிட்டு.

ஆகவே காட்பாடிக்காரரே, நாற்பது பேர் குழு அறிவிப்புக்கு மட்டும் இருக்கட்டும். முடிவெடுக்கும் ஐந்து பேர் நேரில் உட்காருங்கள். டீக்கடை போதும். அந்த ஐவரில் இரண்டு பெண்களாவது இருக்க வேண்டும். எங்கள் பக்கம் ஒருவரும் இல்லை. பாட்டிலில் கோடு போட்டது பெண், முதல்வர் பெண், பிரச்சினை பெண் பிள்ளைகளுடையது, அறைக்குள் போய்க் கத்தியது எல்லாம் மீசைகள்.

20 ஜூன்

இரண்டு நாளாக எழுத யோசித்துக்கொண்டிருந்த விஷயம் இது.

இருபத்து மூன்று பேர் போனோம் என்றேன் அல்லவா? அடுத்த வாரம் கடிதத்தில் கையெழுத்துக் கேட்டபோது பதினான்கு. அதற்கடுத்த வாரம் ஐந்து. முதல்வர் எங்களை மிரட்டவில்லை. சத்தியமாக ஒரு வார்த்தை கூடச் சொல்லவில்லை. நாங்களே எங்களை மிரட்டிக்கொண்டோம்.

லாங்கு பஜாரில் கடை வைத்திருக்கும் பாய் ஒருவர், எங்கள் குழுவில் ஆகப் பெரிய குரல் அவருடையது. கையெழுத்துக்குப் போனபோது கல்லாவில் சில்லறை எண்ணிக்கொண்டே இருந்தார். இரண்டு முறை எண்ணினார். பிறகு தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "என் பொண்ணு பிராக்டிகல் மார்க் அவங்க கையில இருக்குதுண்ணே." அவர் சொன்னபடியே எழுதியிருக்கிறேன்; இதை எழுத்துத் தமிழில் மாற்றினால் அந்தக் குரல் போய்விடும். எனக்குக் கோபம் வந்தது. கோழை என்று மனைவியிடம் சொன்னேன். அவள், "உங்கள் மகளுக்கு இன்னும் பிராக்டிகல் இல்லை, அதனால் உங்களுக்கு வீரம் இருக்கிறது" என்றாள்.

பெற்றோர் குழுவை உடைப்பது முதல்வரும் அல்ல, தாளாளரும் அல்ல. நம் பிள்ளை நாளெல்லாம் அவர்கள் கையில் இருக்கிறது என்ற ஒரே நினைப்பு. அந்தப் பயம் நியாயமானது. அதை முதல் நாளே மேசைமேல் எடுத்து வைத்துப் பேசாத குழு மூன்றாம் வாரம் கலைந்துவிடும். யார் கையெழுத்துப் போடுவது, யார் பின்னால் நிற்பது என்று முன்பே பிரித்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு பள்ளியை விட்டுப் போகும் பிள்ளையின் பெற்றோர், தம்பி தங்கை அதே பள்ளியில் இல்லாதவர்கள், முன்னால் நிற்கட்டும். பொதுத்தேர்வுப் பிள்ளையின் அப்பா டீக்குக் காசு கொடுத்தால் போதும்.

சட்டத்தில் பாதுகாப்பு இல்லாமல் இல்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. 16ஆம் பிரிவு பிள்ளையைப் பள்ளியை விட்டு நீக்கக் கூடாது என்கிறது. இரண்டும் தனியார் பள்ளிக்கும் பொருந்தும். எனவே தைரியமாக இருங்கள்.

21 ஜூன்

நேற்று எழுதிய கடைசிப் பத்தியில் ஓட்டை. குடியாத்தத்திலிருந்து ஒரு வழக்கறிஞர் அன்பாகக் காதைத் திருகியிருக்கிறார். அந்தப் பாதுகாப்பு ஆறு முதல் பதினான்கு வயது வரை, அதாவது எட்டாம் வகுப்பு முடியும் வரைதான். காட்பாடிக்காரரின் பிள்ளைகள் பத்தாம் வகுப்பு. மன்னிக்கவும். சட்டப் பிரிவு எண்ணைத் தெரிந்து வைத்திருப்பவன் வயது வரம்பையும் படித்திருக்க வேண்டும்.

அவரே இன்னொன்றையும் சேர்த்தார். பள்ளி மாற நேர்ந்தால் மாற்றுச் சான்றிதழைப் பிடித்து வைப்பார்களே என்று பலர் நடுங்குகிறார்கள். அந்தச் சான்றிதழ் கட்டண பாக்கியை வசூலிக்கும் கருவி அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் சொல்லிவிட்டது. இதை மட்டும் அச்சடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம். என் தொழில் அச்சகம். பேருக்கு ஒன்று இலவசமாகவே தருகிறேன்.

26 ஜூன்

காட்பாடிக்காரர் எழுதியிருக்கிறார். கடிதம் கொண்டுபோனார்களாம். அலுவலக எழுத்தர் வாங்கிக்கொண்டாராம். நகலில் முத்திரை போட்டுத் தரச் சொன்னால், "மேடம் போடக் கூடாது என்றிருக்கிறார்" என்றாராம். உடனே வாசலில் தரையில் உட்காரலாமா என்று கேட்கிறார்.

தரையில் உட்கார்ந்தால் முட்டிதான் வலிக்கும். தபால் நிலையத்துக்குப் போங்கள். பதிவுத் தபால், ஒப்புகை அட்டையோடு (2025 செப்டம்பரிலிருந்து பதிவுத் தபால் விரைவுத் தபாலோடு சேர்ந்துவிட்டது). தாளாளர் பெயருக்கு அசல், முதல்வருக்கு நகல். முதல்வருக்கு அசல் அல்ல, கவனியுங்கள். அட்டை கையெழுத்தோடு திரும்பி வந்ததும் அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். பின்னாளில் மாவட்டக் கல்வி அலுவலர் முன்னால் நீட்டப்போகும் ஆதாரம் அதுதான். அவருக்கும் முன்னால் பேசிப்பார்க்க வேண்டுமானால் 14417 இருக்கிறது, பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண். பிள்ளைக்கு ஆபத்து என்றால் 1098.

கடிதத்தில் என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன், படம் அனுப்பினார். நான்கு பக்கம்! முதல் பக்கம் திருக்குறள். இரண்டாம் பக்கம் முதல்வரின் ஆணவம். பேருந்து மூன்றாம் பக்கத்தில்தான் வருகிறது. அரைப் பக்கத்துக்குச் சுருக்குங்கள். எத்தனை பிள்ளைகள், எந்த ஊர், பள்ளி விடும் நேரம், வீடு சேரும் நேரம். ஒரு வாரத்துக்குத் தேதி வாரியாக. "ஜூன் 18, ஓடைப் பிள்ளையார் கோவில் நிறுத்தத்தில் 6.50 முதல் 7.25 வரை ஆறு மாணவிகள் நின்றார்கள்" என்ற ஒரு வரி, ஆணவம் என்ற சொல்லை நூறு முறை எழுதியதற்குச் சமம். என்ன வேண்டும் என்பதையும் ஒரே வரியில்: ஆறே முக்காலுக்கு இரண்டாவது நடை.

பேருந்து என்றதும் நினைவுக்கு வருகிறது. 2012 ஜூலையில் சென்னைப் புறநகரில் பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக ஒரு குழந்தை விழுந்து இறந்த பிறகுதான் பள்ளிப் பேருந்துகளுக்குத் தனி விதிகள் வந்தன. உதவியாளர் இல்லாமல் வண்டி எடுக்கக் கூடாது. இரண்டாவது நடைக்கு மறுப்பு வந்தால் காரணம் பெரும்பாலும் இதுவாக இருக்கும்: மாலை ஆறரைக்கு மேல் நிற்க உதவியாளர் கிடைக்கவில்லை. முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

2 ஜூலை

13ஆம் தேதி எழுதியதில் முக்கியமானதை விட்டுவிட்டேன். மறந்து விடவில்லை, வேண்டுமென்றேதான்.

எங்கள் விவகாரம் நடந்த அடுத்த ஆண்டு, பழைய பஸ் நிலையத்தில் பாகாயம் வண்டிக்கு நின்றுகொண்டிருந்தேன். அந்தப் பள்ளி ஆயாம்மா அங்கே பூக்கூடையோடு உட்கார்ந்திருந்தார். வேலையை விட்டுவிட்டாராம். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு, "நீதானேப்பா அந்த அம்மாவைக் கேட்கக் கூடாத கேள்வி கேட்டவன்?" என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார். முன்பு ஆயா மூன்று பேர். அந்த ஏப்ரலில் இரண்டு பேரை நிறுத்திவிட்டார்கள். ஆழ்துளைக் கிணறு வற்றி, வாரத்துக்கு ஆறு லாரி தண்ணீர் விலைக்கு வாங்கினார்கள். மாடித் தொட்டி மதியத்துக்குள் காலி. குழாயைத் திறந்து போட்டுவிட்டுப் போகும் பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லை. பூட்டச் சொன்னது தாளாளர். முதல்வர் இன்னொரு ஆயா வேண்டும் என்று மூன்று முறை எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தக் காகிதங்களைத் தாளாளர் அறைக்கு எடுத்துப்போய்க் கொடுத்ததே இந்த ஆயாம்மாதான்.

அன்று அவர் "தண்ணீர் லாரி" என்று தொடங்கியபோது நான் வாயை மூடிக்கொண்டிருந்தால், அந்த அறையிலேயே எங்கள் பக்கத்து ஆள் ஒருவர் இருந்திருக்கிறார் என்பது தெரிந்திருக்கும். முதல்வரே எழுதிய மூன்று கடிதங்களோடு எங்கள் கடிதமும் நான்காவதாகப் போயிருக்கும்.

இதோடு முடிந்தால் பரவாயில்லை. அந்தப் பள்ளியின் டைரியை 2015லும் 2016லும் அச்சடித்தவன் நான். ஆயிரத்து நானூறு பிரதி, சிறிய அச்சகத்துக்கு அது தீபாவளி மாதிரி. 2017க்கும் ஆர்டர் முடிந்து, பாக்கித் தொகை தாளாளரிடம் நின்றது. முதல்வர் மேல் பாய்ந்த நான் தாளாளர் அறைப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை. பஜார் பாயைக் கோழை என்றேனே, அவராவது கல்லாவைப் பார்த்துக்கொண்டே உண்மையைச் சொன்னார்.

பூட்டு எப்படித் திறந்தது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். ஆகஸ்டில் ஐந்து பேர் கையெழுத்தோடு தாளாளருக்கே கடிதம் போனது. அதற்குள் என் பாக்கி கைக்கு வந்திருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். அதே ஆகஸ்டில் மழையும் பெய்தது. ஒரு திங்கட்கிழமை போய்ப் பார்த்தால் பூட்டைக் காணவில்லை. சாவி மட்டும் கதவோர ஆணியில் தொங்கியது. கடிதத்தால் திறந்ததா, மழையால் திறந்ததா, இன்றுவரை எனக்குத் தெரியாது. பாட்டில் மட்டும் காலியாகத் திரும்பியது.

3 ஜூலை

கேரளத்தில் 2019இல் பள்ளிகளில் தண்ணீர் குடிக்கவென்றே மணி அடித்தார்களே, அப்படி எங்கள் பள்ளியிலும் செய்தால் என்ன என்று ஒரு ஆசிரியை எழுதியிருக்கிறார். நல்ல யோசனை டீச்சர். குடிக்க ஒரு மணி, போக ஒரு மணி என்று இரண்டாக அடியுங்கள்.

10 ஜூலை

தேதியைப் பார்த்ததும் வீரம் வந்துவிட்டது போலிருக்கிறது. "1806இல் இதே நாளில் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் பொங்கினார்கள், நாம் தபால் அட்டைக்குக் காத்திருக்கிறோம்" என்று ஒருவர் பொருமுகிறார்.

ஐயா, அந்தச் சிப்பாய்கள் கேட்டதும் பெரிய விஷயம் அல்ல. புதுத் தலைப்பாகை வேண்டாம், நெற்றிக் குறியையும் தாடியையும் விட்டுவிடுங்கள். மேலே இருந்தவர்களுக்கு அது அற்பமாகத் தெரிந்தது. கழிவறைப் பூட்டும் பேருந்து நேரமும் தாளாளர்களுக்கு அப்படித்தான் தெரிகிறது. அதுவரை உங்கள் ஒப்புமை சரி. ஆனால் விடியுமுன் கோட்டையைப் பிடித்தவர்கள் அடுத்து என்ன என்று யோசிக்கவில்லை. ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேயத் தளபதி கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்து முற்பகலுக்குள் எல்லாவற்றையும் முடித்துவிட்டார். ஆக, பொங்குவதற்கு முன் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என்ன செய்வோம் என்பதையும் எழுதி வையுங்கள். ஆற்காட்டு வாசகர் கோபித்துக்கொள்ள வேண்டாம், நீங்கள் எப்போதும் தாமதமாகத்தான் வருவீர்கள் என்று நினைத்திருந்தோம்.

18 ஜூலை

காட்பாடிச் சேதி. ஒப்புகை அட்டை வந்த எட்டாம் நாள் தாளாளர் அலுவலகத்திலிருந்து தொலைபேசி. ஐந்து பேர் போனார்களாம், இரண்டு பேர் பெண்கள். முதல்வரும் இருந்தாராம். தேதி வாரியான பட்டியலைத் தாளாளர் படித்துக்கொண்டிருக்கும்போது முதல்வரே குறுக்கிட்டு, "இரண்டாவது நடை வேண்டும் என்று நானும் மார்ச்சிலேயே கேட்டேன் சார்" என்றாராம். காட்பாடிக்காரர் திகைத்துப்போய் எழுதியிருக்கிறார். நான் திகைக்கவில்லை.

முடிவு: லத்தேரிக்கும் சேர்க்காட்டுக்கும் 6.40க்கு ஒரு வண்டி. திருவலம் பக்கம் எட்டுப் பிள்ளைகள்தான், அதனால் இப்போதைக்கு இல்லை. "பெரிய வெற்றி, குழுவைக் கலைத்துவிடலாமா?" என்று கேட்கிறார்.

இருபத்து மூன்று ஐந்தானதைச் சொன்னேன். அது பயத்தால். இது அதைவிட எளிதாக நடக்கும். வண்டி கிடைத்தவன் ஏழு மணிக்கு வீட்டில் இருப்பான், கிடைக்காதவன் முகம் அவனுக்குத் தெரியாது. திருவலத்து எட்டுப் பேருக்காக இன்னொரு அரைப் பக்கம் எழுதுங்கள். அந்த எட்டு வீட்டார் மட்டும் கையெழுத்துப் போட்டால் அது எட்டு பேர் புகார். லத்தேரிக்காரர்கள் எத்தனை பேர் கையெழுத்துப் போடுகிறார்கள் என்று எனக்குச் சொல்லுங்கள். நான் நான்கு என்கிறேன்.

24 ஜூலை

லத்தேரிக்காரர்கள் பதினொரு பேராம். முதல்வர் அம்மாளும் மேலே ஒரு பரிந்துரை எழுதி, தேதி போட்டு, முத்திரையும் வைத்துக் கொடுத்திருக்கிறாராம். கடிதத்தின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பள்ளி முத்திரை கொஞ்சம் தேய்ந்திருக்கிறது. புதிது செய்து தரட்டுமா என்று கேட்கக் கை துறுதுறுத்தது. மனைவி பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.